இருக்கிற கண்: சில நீச்சல் குறிப்புகள்

கிணற்று மேட்டில் சட்டையைக் கழற்றும்போது யாராவது ஒரு புது ஆள் கேட்டுவிடுவார்: "ஏம்பா, அந்தக் கண்ணு வழியா தண்ணி உள்ள போயி மூளைக்கு ஏறிடாதா?" படித்தவர்கள் இதையே கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். ஏறாது. ஏற வழியே கிடையாது. கண்ணை எடுக்கிற டாக்டர் அந்த இடத்தை வெறும் குழியாக விட்டுவிடுவதில்லை. உள்ளே ஓர் உருண்டையை வைத்து, கண்ணை அசைக்கும் தசைகளை அதோடு சேர்த்து, மேலே வெண்படலத்தை இழுத்து மூடித் தைத்துவிடுகிறார். இமைக்குப் பின்னால் மிஞ்சுவது ஈரமான, அடைபட்ட ஒரு பை. அதற்குள் இமைகளின் பிடியில் உட்கார்ந்திருப்பதுதான் வெளியே தெரிகிற செயற்கைக் கண். அது கோலிக்குண்டும் இல்லை, சினிமாவில் வில்லன் கழற்றி மேஜையில் உருட்டுகிற சாமானும் இல்லை. முன்புறம் புடைத்து, பின்புறம் குழிந்த, கெட்டியான ஓர் ஓடு.

எனக்கு அது இடது கண். பத்து வயதில் ஈர்க்குச்சி அம்பு. அதில் இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. அம்பு விட்டவன் இன்றைக்கும் நல்ல சிநேகிதன்.

*

கண் போனவர்கள் எங்கள் காஞ்சிபுரத்துக்குப் புதியவர்கள் அல்ல. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை மீறிக் கிளம்பியதும் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போயின. திருவெண்பாக்கத்தில் முறையிட்டதற்கு ஊன்றுகோல்தான் கிடைத்தது. ஏகாம்பரநாதர் சன்னதியில் இடது கண் வந்தது. வலது கண்ணுக்குத் திருவாரூர்வரை நடக்க வேண்டியிருந்தது.

கதை சொல்பவர்கள் காஞ்சிக்கும் திருவாரூருக்கும் நடுவில் உள்ள தூரத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். எனக்கு அந்த நடுப்பகுதிதான் முக்கியம். அவ்வளவு தூரமும் அவர் ஒற்றைக் கண்ணர். வழியில் திருத்துருத்தியில், அதாவது இன்றைய குத்தாலத்தில், உடம்பில் கண்டிருந்த நோய் தீரக் குளத்தில் இறங்கி முழுகுகிறார். ஒரு கண்ணோடு குளத்தில் இறங்கியவர் என்று நம் புராணங்களில் எனக்குத் தெரிந்த ஆள் அவர்தான். படித்துறையில் எப்படி இறங்கினார் என்று சேக்கிழார் விவரிக்கவில்லை. காலால் தடவித்தான் இறங்கியிருப்பார்.

ஊன்றுகோல் கிடைத்த ஊர் இப்போது தண்ணீருக்கடியில் இருக்கிறது. 1944-இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் பழைய திருவெண்பாக்கம் போய்விட்டது. சுவாமியை மேட்டுக்குக் கொண்டுவந்து வேறு கோயில் கட்டினார்கள்.

*

இன்னொருவர் கூரத்தாழ்வான். கூரம் இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரம். சோழன் சபையில் கண்களை இழந்தவர். பல காலம் கழித்து ராமானுஜர் சொன்னதற்காகக் காஞ்சி வரதரிடம் கண் கேட்டுத் துதி பாடினார். பெருமாளையும் ஆசாரியரையும் பார்க்கிற அளவுக்குப் போதும் என்றே கேட்டாராம். மூன்றாவது ஆள் சுக்கிராச்சாரியார். உலகளந்த பெருமாள் கோயிலில் அவ்வளவு உயரத்தில் நிற்கிற மூர்த்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கமண்டலத்தின் மூக்கில் அடைத்துக்கொண்டு தர்ப்பைக் குத்து வாங்கிய சுக்கிரன்தான் நினைவுக்கு வருவார். தண்ணீர்ப் பாதையை மறித்துக் கண்ணை இழந்தவர் அவர் ஒருவரே.

*

முதலில் பயப்பட வேண்டியது படிக்கட்டுக்கு.

தண்ணீருக்குள் இருக்கிற எதையும் மேலிருந்து பார்த்தால் அது உயர்ந்து தெரியும். நான்கு அடி ஆழம் நேர் மேலிருந்து பார்க்கும்போது மூன்றடிபோலத் தோன்றும். இது இரண்டு கண் உள்ளவர்களுக்கும் பொதுவான ஏமாற்று. ஆனால் அவர்களுக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து தூரத்தைக் கொஞ்சமாவது திருத்திக் காட்டும். ஒரு கண்காரனுக்கு அந்தத் திருத்தம் இல்லை. சர்வ தீர்த்தக் குளத்துப் படிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் இருக்கிற படி எத்தனை உயரமோ தண்ணீருக்குள் இருப்பதும் அதே உயரம்தான். நடுவில் ஒரு படி பெயர்ந்திருக்கலாம் என்பது வேறு. பச்சைத் தண்ணீரும் பாசியும் சேர்ந்துவிட்டால் படியின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது எனக்குத் தெரியாது. நின்றுகொண்டு இறங்குவதில்லை. உட்கார்ந்து, ஒரு காலை நீட்டி, அடுத்த படியைத் தொட்ட பிறகு உடம்பை நகர்த்துவேன். கிழவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களும் அப்படித்தான் இறங்குகிறார்கள்.

நீச்சல் குளத்தில் குதிப்பது இல்லவே இல்லை. ஆழம் எழுதியிருந்தாலும் சரி.

*

பட்டோடி நவாப் மன்சூர் அலி கான் 1961 ஜூலையில் இங்கிலாந்தில் ஹோவ் என்ற ஊரில் கார் விபத்தில் வலது கண்ணின் பார்வையை இழந்தார். வயது 20. அந்த டிசம்பரிலேயே டெஸ்ட் ஆட வந்துவிட்டார். 1962 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன். அதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அவர் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிற சின்ன விஷயங்களை. விபத்துக்குப் பிறகு சிகரெட் பற்றவைக்கப் போனால் நெருப்பு நுனிக்குச் சற்றுத் தள்ளி நின்றதாம். ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றினால் தம்ளருக்குள் போகாமல் மேஜையில் கொட்டியதாம்.

வேகப்பந்தைச் சமாளித்தவருக்குத் தம்ளர் பிடிபடவில்லை. இதில் விசித்திரம் ஒன்றுமில்லை. தூரத்தில் வருகிற பொருளை மூளை அதன் பருமன், வேகம், நிழல் இவற்றைக் கொண்டு கணக்குப் போட்டுவிடும். கைக்கெட்டும் தூரத்தில்தான் இரண்டு கண் தேவைப்படுகிறது. நீச்சலில் சிக்கல் வருவதும் அங்கேதான்: குளத்தின் சுவர், ஏணியின் கம்பி, பக்கத்தில் நீந்துகிறவனின் குதிகால்.

*

பெரியப்பா கோர்வைச் சேலை நெய்தவர். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், மூன்று நாடா, பக்கத்தில் உட்கார்ந்து கரை போடும் ஒரு பையன். எனக்குக் கண் போன பிறகு என்னைத் தறிக்குழியில் இறக்கிவிட்டு அவர் சொன்னது: "நெசவுக்குக் கண்ணு ஒண்ணு போதும்டா, கைதான் ரெண்டு வேணும்." ஆறுதலுக்குச் சொன்னார் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். இல்லை, அது தொழில் நுணுக்கம். தறியில் முகத்துக்கும் பாவுக்கும் உள்ள தூரம் காலையிலிருந்து இரவுவரை மாறுவதில்லை. ஒருமுறை கை பழகிவிட்டால் கண் தூரம் சொல்லத் தேவையே இல்லை. கிணற்றில் அப்படி முடியாது. நேற்று இருந்த தண்ணீர் மட்டம் இன்று இருக்காது. மோட்டார் ஓடியிருக்கும்.

*

கண் செய்கிற அறையைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைப்பு.

முதலில் அளவெடுப்பு. பல் செட்டுக்கு அளவெடுக்கிற அதே மாவைக் கரைத்து இமைக்குள் செலுத்துகிறார்கள். சில்லென்று இருக்கும், வலிக்காது. அது இறுகியதும் எடுத்து, அந்த வடிவத்துக்கு மெழுகில் ஓர் அச்சு. மெழுகை உள்ளே வைத்து இமை எப்படி மூடுகிறது, எவ்வளவு திறக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சீவுகிறார்கள். பிறகு அக்ரிலிக். இதுவும் பல் செட் செய்கிற பிளாஸ்டிக்தான். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் நல்ல செயற்கைக் கண் என்றால் ஜெர்மனியிலிருந்து, குறிப்பாக லௌஷா என்ற ஊரின் கண்ணாடி ஊதுகிறவர்களிடமிருந்து வர வேண்டும். போரில் அந்த வரத்து நின்றது. அமெரிக்க ராணுவத்தில் இருந்த பல் தொழில்நுட்பக்காரர்கள் தங்கள் கையில் இருந்த அக்ரிலிக்கிலேயே கண் செய்து பார்த்தார்கள். அது நிலைத்துவிட்டது. கண்ணாடிக் கண் கீழே விழுந்தால் உடையும். சூடும் குளிர்ச்சியும் சட்டென்று மாறினாலும் விரிசல் விடும். மார்கழிக் கிணற்றில் அதை நம்பி இறங்க முடியாது.

அளவு முடிந்ததும் எதிரே உட்கார்த்தி வைத்து, இருக்கிற கண்ணைப் பார்த்துக் கருவிழிக்கு வர்ணம் தீட்டுகிறார்கள். கறுப்பு என்று நாம் சொல்கிற கண்ணில் எத்தனை பழுப்பு இருக்கிறது என்பது அப்போது தெரியும். கடைசியில்தான் அந்த வேலை. வெள்ளை விழியில் ரத்த நாளம் தெரிய வேண்டுமே, அதற்குச் சிவப்பு நூலைப் பிரித்து, இழை இழையாக ஒட்டி, மேலே தெளிந்த அக்ரிலிக்கை ஊற்றி மூடுகிறார்கள். கூட வந்திருந்த பெரியப்பா அதுவரை ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்து குனிந்து பார்த்துக் கேட்டார்:

"தம்பி, இது பட்டா, பருத்தியா?"

"பட்டுதாங்கய்யா. சில பேரு பருத்தியும் போடுவாங்க."

"பட்டே போடுங்க."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவருக்கு ஒரே சந்தோஷம். அசல் சரிகையின் நடுவில் ஓடுவதும் சிவப்புப் பட்டுதான். அதன்மேல் வெள்ளி, வெள்ளிமேல் தங்கம். "உங்கண்ணுல ஜரிகை மட்டும்தான்டா பாக்கி" என்றார்.

பெட்டியில் அடுக்கிவைத்து, பார்த்து எடுத்து மாட்டிவிடுகிற ரெடிமேட் கண்ணும் கிடைக்கிறது. விலை மிகக் குறைவு. நீச்சலுக்கு மட்டும் அது ஆகாது. உள் அளவோடு பொருந்தாமல் இடைவெளி இருக்கும், அதில் தண்ணீரும் பீளையும் தேங்கும், சுலபமாக நழுவும். அளவெடுத்துச் செய்தது அப்படி எளிதில் வெளியே வராது. வரவே வராது என்று சொல்ல மாட்டேன்.

*

கண்ணுக்கும் இந்த ஊருக்கும் நம் காலத்து உறவு ஒன்றும் உண்டு. 1976-இல் காஞ்சி மடத்தின் ஜெயேந்திரர் டாக்டர்கள் கூட்டம் ஒன்றில், தொண்டு மனப்பான்மையோடு ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று பேசினார். அதன் தொடர்ச்சியாக 1978-இல் டாக்டர் பத்ரிநாத் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1819-இல், எழும்பூர் கண் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. எங்கள் தெருவில் வயதானவர்களுக்கு இன்றும் 'கண்ணாஸ்பத்திரி' என்றால் எழும்பூர்தான்.

*

கண்ணாடி, அதாவது நீச்சல் காகிள்ஸ். இதைப் பற்றி விரிவாகவே எழுதலாம். செயற்கைக் கண் வைத்திருப்பவர்கள் இது இல்லாமல் தலையை நீருக்குள் விடக்கூடாது என்பது என் கட்சி.

மூன்று காரணம் உண்டு. குளோரினோ உப்போ பட்டு உள்படலம் எரிந்து பீளை தள்ளாமல் தடுக்கும். தப்பித்தவறிக் கண் நழுவினால் கண்ணாடிக்குள்ளேயே விழும், தேட வேண்டியதில்லை. மூன்றாவதுதான் பெரியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

போட்டிக்காரர்கள் போடுகிற சின்ன, இறுக்கமான கண்ணாடி நமக்கு வேண்டாம். அது இமைக்குப் பக்கத்திலேயே அழுத்திக் காற்றை உறிஞ்சிப் பிடிக்கும். கழற்றும்போது இமையையும் இழுக்கும். விளிம்பு அகலமாக, மெத்தென்ற சிலிக்கானாக, எலும்பின்மேல் உட்கார்வதாக இருக்கட்டும். கழற்றுகிற இடம் முக்கியம். நீந்தி முடித்த களைப்பில் ஆழத்திலேயே நெற்றிக்குத் தள்ளிவிடுகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. கரைக்கு வந்து, துண்டின்மேல் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் கழற்ற வேண்டும்.

கிணற்றில் கண்ணாடி போட்டால் பையன்கள் கேலி செய்வார்கள். எங்கள் மாமா கிணறு ஐயம்பேட்டை தாண்டி இருக்கிறது. அங்கே சுரைக்குடுக்கையோடு நீச்சல் பழகுகிற வாண்டுகள் எனக்கு 'ஏரோப்ளேன் மாமா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். விமானி போடுகிற கண்ணாடி மாதிரி இருக்கிறதாம்.

கண்ணாடி கையில் இல்லாமல் முழுக நேர்ந்தால், தலை நீருக்குள் போகிற நேரமெல்லாம் அந்த இமையை மூடியே வைத்திருக்க வேண்டும். மேலே வந்ததும் நாம் செய்கிற முதல் காரியம் உள்ளங்கையால் முகத்தை வழித்துவிடுவது. செயற்கைக் கண் தண்ணீரில் போவதற்கு அலையைவிட இந்தக் கைதான் காரணம். வெளிப்பக்கமாகவோ கீழாகவோ வழித்தால் கீழிமை விலகி, கண் வெளியே சாய்ந்துவிடும். இமையை மூடிக்கொண்டு மூக்கை நோக்கித் துடைக்க வேண்டும். இது நீச்சலுக்கு மட்டுமல்ல, வீட்டில் முகம் கழுவவும் இப்படித்தான். இதைப் பழக எனக்கு வெகுகாலம் பிடித்தது, கை கேட்கவில்லை.

*

விழுந்தால் மிதக்குமா? மிதக்காது. அக்ரிலிக் தண்ணீரைவிடக் கனம், சுமார் 1.18 மடங்கு. கடல்நீரிலும் மூழ்கும். நீலத் தரை போட்ட நீச்சல் குளத்தில் அடியில் கிடப்பதை யாராவது எடுத்துத் தருவார்கள் (எடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும்). மாமல்லபுரம் அலையில் போனால் போனதுதான். அங்கே இரண்டு கண் உள்ளவர்களையே இழுத்துக்கொண்டு போகிற கடல். நான் கணுக்கால் அளவோடு நிற்கிறேன்.

வரதராஜர் கோயில் அனந்தசரஸில் விழுந்தால் விஷயம் இன்னும் மோசம். அத்தி வரதர் 2019 ஜூலை, ஆகஸ்டில் 48 நாள் வெளியே இருந்துவிட்டு நீராழி மண்டபத்தடிக்குத் திரும்பிவிட்டார். அதற்கு முந்தைய தடவை 1979. அடுத்த தடவை 2059. அவரோடு சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்கலாம். அத்திமரம் தண்ணீரில் நாற்பது வருஷம் தாங்குகிறது, அக்ரிலிக் தாங்காதா?

*

பையில் எப்போதும் இருப்பவை: பழைய கண் ஒன்று, மூடி போட்ட சின்ன டப்பாவில். கண்ணைக் கழற்ற உதவும் சின்ன ரப்பர் உறிஞ்சி. சலைன் பாட்டில். சுத்தமான கைக்குட்டை.

பழைய கண் ஏன் என்றால், விழுந்துவிட்டதே என்று நாள்கணக்கில் வெறுமனே விட்டுவிடக் கூடாது. உள்ளே தாங்கல் இல்லாவிட்டால் இமையும் பையும் சுருங்கத் தொடங்கும். பிறகு புதுக் கண் உள்ளே போகாது. அதனால்தான் அறுவை முடிந்த உடனேயே வர்ணம் இல்லாத ஓர் ஓட்டை உள்ளே வைத்து அனுப்புகிறார்கள். அந்த ஆரம்ப வாரங்களில் தண்ணீர் பக்கமே போகக் கூடாது. தையல் ஆறி, டாக்டர் வாயால் சரி என்று சொன்ன பிறகுதான் குளம், கிணறு எல்லாம்.

*

எந்தத் தண்ணீர்?

ஓடுகிற தண்ணீர், மோட்டார் தினமும் இறைக்கிற கிணறு, பராமரிப்புள்ள நீச்சல் குளம் இவை பரவாயில்லை. தேங்கிய குளமும் குட்டையும் வேண்டாம். இது பொதுவான சுத்தபத்தப் பேச்சு அல்ல, நம் பக்கத்துக்கே உரிய காரணம் இருக்கிறது. ரைனோஸ்போரிடியோசிஸ் என்று ஒரு நோய். உலகத்தில் மிக அதிகமாகக் காணப்படுவது இந்தியாவிலும் இலங்கையிலும். ஆடுமாடு இறங்குகிற தேங்கிய குளங்களில் குளிப்பவர்களுக்கு மூக்குக்குள் இளஞ்சிவப்பாக, வெள்ளைப் புள்ளி புள்ளியாக ஒரு சதை வளரும். சிலருக்கு அது கண்ணிலும், இமையின் உட்புறப் படலத்திலும் வரும். அறுத்து எடுப்பதே வைத்தியம். நெடுங்காலம் அதைப் பூஞ்சை என்று நினைத்திருந்தார்கள், பிறகு அது நீரில் வாழும் வேறு ஒரு நுண்ணுயிர் என்று தெரிந்தது.

இன்னொன்று, மதுரை அரவிந்த் மருத்துவமனைக்காரர்கள் 2001-இல் எழுதியது. ஒரு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கண்ணின் வெண்படலத்தில் கட்டி கட்டியாக வந்தது. எல்லோரும் ஊர்க்குளத்தில் குளித்தவர்கள். நத்தை வழியாகப் பரவும் ஒருவகைத் தட்டைப்புழுதான் காரணம் என்று முடிவானது.

செயற்கைக் கண்ணுக்குப் பின்னாலும் இதே படலம்தான் இருக்கிறது. அங்கே என்ன வளர்ந்தாலும் அந்த ஓடு மறைத்துவிடும். பீளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், நாற்றம் வந்தால், இமை வீங்கினால், திடீரென்று கண் பொருந்தாமல் உறுத்தினால் கழற்றிப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது.

*

மேலே சொல்லாமல் விட்ட மூன்றாவது காரணம்: இருக்கிற கண்.

எல்லோருடைய கவலையும் பொய்க்கண்மேல் இருக்கிறது. அம்மாவுக்கு, கோச்சுக்கு, கிணற்று மேட்டில் கேட்கிற புது ஆளுக்கு எல்லோருக்கும். அதற்கு ஒன்றும் ஆகாது. காணாமல் போனால் காசு கொடுத்து இன்னொன்று செய்துகொள்ளலாம், பட்டு இழையோடு. நெருக்கியடிக்கிற குளத்தில் எவனோ ஒருவனுடைய முழங்கை படப்போவது நல்ல கண்ணில். கிணற்றில் எவனாவது மேலிருந்து குதிக்கும்போது தெறிக்கிற கல்லும் அதில்தான் படும். கெட்ட தண்ணீரால் சிவந்து, நான்கு நாள் திறக்க முடியாமல் போனால் மற்றவர்களுக்கு அது மெட்ராஸ் ஐ, எனக்கு நான்கு நாள் முழுக் குருடு. அதனால் காகிள்ஸ் வாங்கும்போது உடையாத பாலிகார்பனேட் என்று கேட்டு வாங்குகிறேன். கரையிலும் பவர் இருக்கிறதோ இல்லையோ ஒரு மூக்குக்கண்ணாடி போட்டே இருக்கிறேன்.

லூயி பிரெய்லின் அப்பா பிரான்சில் கூவ்ரே என்ற ஊரில் குதிரைச் சேணம் தைப்பவர். 1812-இல் மூன்று வயதுப் பையன் அப்பாவின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசியை எடுத்து விளையாடினான். குத்தியது ஒரு கண்ணில். அழற்சி அடுத்த கண்ணுக்கும் போய், ஐந்து வயதுக்குள் இரண்டும் போய்விட்டன. ஒரு கண்ணின் ஆழமான காயம் மற்றொரு கண்ணையும் பாதிக்கக்கூடும் என்பதாலேயே சில சமயம் டாக்டர்கள் குத்துப்பட்ட கண்ணை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். அப்பா மூன்று நாள் கையெழுத்துப் போட மறுத்தாராம். பிறகு பெரியப்பா போட்டார்.

*

செங்கல்பட்டு சாலையில் ஒரு பள்ளிக்கூடத்துக் குளத்தில் காலையில் பெரியவர்களை விடுகிறார்கள். அங்கே நான் நீந்துகிற முறை:

சுவரை ஒட்டிய லேன். குருட்டுப் பக்கம் சுவருக்கு, பார்க்கிற பக்கம் ஆட்களுக்கு. திரும்பி வரும்போது இது தலைகீழாகிவிடும், அதனால் முடிந்தால் யாரும் இல்லாத நேரம், இல்லாவிட்டால் பக்கத்து லேன்காரரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை. "சார், எனக்கு இந்தப் பக்கம் தெரியாது" என்று சொன்னால் எவரும் கோபிப்பதில்லை. சொல்லாமல் இடித்தால்தான் கோபம்.

மூச்சு எடுப்பது வலது பக்கம். இதைக் கோச் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, இரு பக்கமும் பழக வேண்டும் என்றார். பழகினேன். இடது பக்கம் திரும்பினால் மூச்சு கிடைக்கிறது, செய்தி கிடைப்பதில்லை.

நீருக்குள் காகிள்ஸ் வழியே பார்க்கும்போது எல்லாமே முக்கால் தூரத்தில் இருப்பதாகத் தெரியும். சுவரை நோக்கிக் கை நீட்டினால் காற்றைப் பிடிப்பதுபோல் ஆகிவிடும், அடுத்த தடவை விரல் மடங்கும். அதனால் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையில் உள்ள கறுப்புக் கோட்டைப் பார்க்கிறேன். சுவருக்கு இரண்டு மீட்டர் முன்னால் அது குறுக்குக்கோட்டோடு முடியும். மல்லாந்து நீந்தினால் மேலே ஐந்து மீட்டரில் கொடி கட்டியிருப்பார்கள். அங்கிருந்து எத்தனை கைவீச்சு என்று எண்ணிவைத்துக்கொண்டால் கண்ணே வேண்டாம். பார்வையே இல்லாதவர்கள் போட்டியில் நீந்துவதே அப்படித்தான். அவர்களுக்குச் சுவர் வரும்போது தலையில் ஒரு குச்சியால் தட்டிச் சொல்ல ஆள் உண்டு.

அந்தப் போட்டிகளில் என்னைப் போன்றவர்களைச் சேர்க்க மாட்டார்கள். ஒரு கண் நன்றாக இருந்தால் பாரா நீச்சலின் எஸ்11 முதல் எஸ்13 வரை எதிலும் இடமில்லை. சர்க்கார் கணக்கிலும் ஒரு கண் இல்லாதது 30 சதவீதம், 2016-ஆம் வருஷத்துச் சட்டப்படி சலுகை வேண்டுமானால் 40 வேண்டும். சான்றிதழ் கொடுத்த டாக்டர் நிஜமாகவே வருத்தப்பட்டார். நான் படவில்லை. தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் அந்தப் பத்து சதவீதம் எங்கே போயிற்று என்று தோன்றும்.

*

ஆழ்கடல் டைவிங் பற்றி ஒரு தம்பி கேட்டிருந்தான். அவனுக்கும் சின்ன வயதிலேயே புற்றுநோயில் கண் எடுத்திருக்கிறார்கள். உள்ளே வைத்த உருண்டை கெட்டியானதா, உள்ளீடற்றதா என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். உள்ளீடற்றது என்றால் ஆழத்தின் அழுத்தம் தாங்காது. தவிர சின்னப் பிள்ளைகளுக்கு முகம் வளர வளரக் கண்ணை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போன வருஷக் கண்ணோடு இந்த வருஷக் குளத்தில் இறக்கக் கூடாது என்று தன் தங்கை மகனுக்காகக் கேட்ட இன்னொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது.

*

நீந்தி வந்ததும்: முகம் கழுவி, கண்ணைக் கழற்றி, குழந்தை சோப்பும் சாதாரணத் தண்ணீரும். வாஷ்பேசின் ஓட்டையை முதலில் அடைத்து, ஒரு துண்டை விரித்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். கடலில் போகாத கண் வாஷ்பேசினில் போகும். ஸ்பிரிட், டெட்டால், வெந்நீர் எதுவும் படக் கூடாது. அக்ரிலிக் மங்கிப்போய் முடிமுடியாக வெடிப்பு விடும். உள்ளே சலைன் விட்டு அலசி, மறுபடி மாட்டிக்கொள்ளலாம். சும்மா சும்மா கழற்றுவதும் நல்லதல்ல, படலம் புண்ணாகும்.

வருஷத்துக்கு ஒருமுறை பாலிஷ். சொரசொரப்பு ஏறினால் பீளை கூடும், இமை உரசும். எனக்குத் தேதி வந்துவிட்டது, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் சென்னைக்குப் போய்வர வேண்டும். அதுவரை பழைய கண். நிறம் கொஞ்சம் வெளுத்துவிட்டது, தண்ணீருக்குள் யார் பார்க்கப்போகிறார்கள். ஏரோப்ளேன் கண்ணாடியின் ரப்பரும் இற்றுவிட்டது, அதையும் மாற்ற வேண்டும்.